வண்டி ஆண்டெனான்னா எத்தனை சென்டிமீட்டர்னும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, மழைக்காலத்துல மலைல செல்போன் டவர் படுத்துட்டா ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா சொந்த செட்டுல பேசற ரேடியோ) எப்படி உதவும்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. படிச்சு ரொம்ப சந்தோஷம், இதப்பத்தி தமிழ்ல எழுதறவங்களே கம்மி. ஆனா அதுல வண்டி மேல ஏதாவது ஒரு ஆண்டெனா மாட்டிக்கிட்டா போதும்ங்கற மாதிரி ஒரு வரி வந்துருச்சு. அந்த "ஏதாவது ஒரு"ங்கறதுக்காகத்தான் இந்தக் கடிதம். அத நம்பி ஒருத்தர் காசு போட்டு வாங்கி மாட்டிட்டு, ரோடு அடைபட்ட ராத்திரில ஒரு சத்தமும் கேக்காம நிக்கக்கூடாதுங்க.

நான் கோத்தகிரி பக்கம். ஹாம் லைசென்ஸ் வாங்கி இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, பழைய ஜீப் ஒண்ணு வெச்சிருக்கேன், அதுல மாட்டி கழட்டி மாட்டி கழட்டி தெரிஞ்சுகிட்டத எழுதறேன்.

அலைக்கு ஒரு நீளம் இருக்கு. 300ஐ மெகாஹெர்ட்ஸால, அதாவது நீங்க பேசற அதிர்வெண்ணால, வகுத்தா மீட்டர் கணக்குல வந்துரும். விஎச்எஃப்ல (30லேர்ந்து 300 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள ரேடியோ அலைல) லோ பேண்ட், அதாவது கீழ்ப்பட்டைனு சொல்றது 30லேர்ந்து 50 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், அப்படின்னா அலை 10 மீட்டர்லேர்ந்து 6 மீட்டர். நாங்க ஹாம்ல பேசற ஆறு மீட்டர் பேண்ட் 50க்கு மேல ஆரம்பிக்குது, அதுவும் குணத்துல இந்த வகையறாதான். வண்டில நட்டு வெக்கற குச்சி ஆண்டெனா அலையோட நீளத்துல கிட்டத்தட்ட கால்வாசியாவது இருந்தாத்தான் ஒழுங்கா புடிக்கும். கணக்கு சுலபம், 7,125ஐ மெகாஹெர்ட்ஸால வகுங்க, கம்பி எத்தனை சென்டிமீட்டர்னு வந்துரும். 50க்கு 142, 42க்கு 170, 30க்கு 237, நம்ம ஆளுங்க அதிகமா பேசற இரண்டு மீட்டர் பேண்ட்ல 145க்கு வெறும் 49தான். அதனால ஒருத்தர் வண்டில அரை மீட்டர் குச்சி அருமையா வேலை செய்யுதுன்னு சொன்னா அது பொய் இல்ல, அவர் பேசற பேண்டுக்கு அது சரி. லோ பேண்டுக்கு அதே குச்சி பத்தாது.

இது எங்க ஊர்க்காரங்களுக்கு புதுசா சொல்ல வேண்டியதே இல்ல. ஊட்டி முத்தோரைல மலைச்சரிவோட சேத்து சாய்ச்சு கட்டுன ரேடியோ டெலஸ்கோப் 1970லேர்ந்து நிக்குது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அது கேக்கறது 326.5 மெகாஹெர்ட்ஸ், அலை 92 சென்டிமீட்டர். அதுல வரிசையா இருக்கற 1,056 டைபோலும் (நடுவுல கேபிள் சேர்ற ரெட்டைக் கம்பி ஆண்டெனா) அந்த அலைல பாதி நீளத்துக்கு செஞ்சது. வானத்துலேர்ந்து வர்றத கேக்கறவங்களே அளவெடுத்துத்தான் கம்பி வெச்சிருக்காங்க, நாம மட்டும் கடைல கண்ணுக்கு அழகா இருக்கறத வாங்குனா எப்படிங்க.

அப்படி வாங்கி ஏமாந்ததும் உண்டு. சில வருசத்துக்கு முன்னாடி கோயமுத்தூர்ல ஒரு கடைல 25 மெகாஹெர்ட்ஸ்லேர்ந்து 1,300 வரைக்கும் எல்லாம் புடிக்கும்னு அட்டைல போட்டு ஒரு ஆண்டெனா வித்தாங்க, நீளம் 40 சென்டிமீட்டர் இருக்கும், அடில கருப்பா தடியா ஒரு பகுதி, உள்ள குட்டைக் கம்பிய நீளக் கம்பி மாதிரி வேலை செய்ய வெக்கற காயில் (கம்பிச் சுருள்) இருக்கும்னு நெனச்சு வாங்கிட்டேன். 145ல நல்லா கேட்டுச்சு, 50ல சுத்தமா ஒண்ணும் இல்ல, பக்கத்து எஸ்டேட்ல இருக்கற நண்பர் செட்ட அழுத்திப் பேசறாரு, எனக்கு மணல் கொட்டற மாதிரி இரைச்சல் மட்டும் வருது. ஒரு வாரம் பாத்துட்டு பிளேடு எடுத்து அந்த கருப்பு உறைய நீளவாக்குல கிழிச்சேன். உள்ள காயிலும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒரு நேர் கம்பி, சுத்தி பசை, அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரியே டேப் புடிச்சு 142 அளந்து ஸ்டெயின்லெஸ் கம்பி வெட்டி வெல்டிங் பட்டறைல கொடுத்து அடில ஸ்பிரிங் வெச்சு செஞ்சுகிட்டேன், அதுதான் இன்னிக்கும் ஓடுது.

என் தம்பி மகன் கலிபோர்னியால வேலை பாக்கறான். அங்க ஸ்கேனர்ல (மத்தவங்க ரேடியோல பேசறத தேடிப் புடிக்கற பெட்டி) கேக்கறவங்க நிறைய, அங்க ஹைவே பேட்ரோல் போலீஸ்காரங்க பல வருசமா 39, 42, 44, 45 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசிட்டு வந்திருக்காங்க, மலையும் பாலைவனமும் சேந்த பெரிய மாநிலம், அதுக்கு இந்த பேண்ட் தோதுப்படும். பெரியப்பா என் கார்ல எந்த ஆண்டெனா போடட்டும்னு கேட்டான். அவனுக்கு சொன்னது 170 சென்டிமீட்டர் குச்சி. 42க்கு வெட்டுனது 39லயும் 45லயும் கேக்கறதுக்கு தாராளமா போதும், கேக்க மட்டும் செய்யறவங்க எஸ்டபிள்யூஆர் மீட்டர் (செட்டும் ஆண்டெனாவும் பொருந்துதான்னு காட்டறது) வெச்சு மல்லுக்கட்ட வேண்டியதில்ல, பேசற எங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் அது கட்டாயம். அவன் கார் கூரைல இருக்கற சுறா துடுப்பு மாதிரி குட்டி ஆண்டெனா இதுக்கு ஆகாதுன்னும் சொன்னேன், அது எஃப்எம்முக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் செஞ்சது.

அவ்வளவு நீளம் வெக்க முடியாது, பார்க்கிங்ல இடிக்கும்னா அடில நெசமாவே காயில் சுத்துன குட்டை ஆண்டெனா வாங்கலாம், ஆனா எந்த பேண்டுக்கு சுத்துனதுன்னு எழுதி இருக்கணும், எல்லா பேண்டும்னு எழுதி இருந்தா வெச்சுட்டு வந்துருங்க. ஒண்ணு ஒத்துக்கணும், கேக்கறதுக்கு மட்டும்னா இப்படி காயில் சுத்துன குட்டை ஆண்டெனாவும் அவ்வளவு மோசம் இல்ல, ஏன்னா இந்த பேண்ட்ல வெளில இருக்கற இரைச்சலே ஜாஸ்தி, கம்பிய குட்டையாக்குனா சிக்னலும் குறையும் இரைச்சலும் சேந்து குறையும். அதே காரணத்தாலதான் பூஸ்டர் வெச்ச ஆண்டெனா வேண்டாம்ங்கறேன், அது ரெண்டையும் சேத்து ஏத்தி விடும், பக்கத்துல ஊட்டி எஃப்எம்மோ கொடைக்கானல் எஃப்எம்மோ பலமா அடிக்கற இடத்துல செட்டு திணறிப்போயிரும்.

எங்க மாட்டறதுங்கறது நீளத்துக்கு சமமான விசயம். இரும்புக் கூரைக்கு நடுவுல வெச்சா நாலா பக்கமும் ஒரே மாதிரி கேக்கும், ஏன்னா ஆண்டெனாவோட மறுபாதி அந்த இரும்புதான். என் ஜீப்புக்கு கேன்வாஸ் கூரை, காந்தம் ஒட்டாது, அதனால பின்னாடி இடது மூலைல பாடில துளை போட்டு போல்ட் பண்ணிருக்கேன். பெயிண்ட சுரண்டி இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் தேச்சு, வாஷர் போட்டு இறுக்கி, மேல கிரீஸ் தடவணும், இங்க இருக்கற ஈரத்துக்கு கிரீஸ் இல்லன்னா ஒரே மழைல துரு ஏறும். கேபிள் முனைல ரப்பர் டேப் சுத்தாம விட்டா உள்ள தண்ணி ஏறி செம்பு பச்சை புடிச்சுரும், வெளில பாக்க கேபிள் புதுசாத்தான் இருக்கும்.

மூலைல மாட்டுனா ஒரு பக்கம் ஓங்கிக் கேக்கும். பாடி எந்தப் பக்கம் அதிகமா இருக்கோ அந்தப் பக்கம், என் வண்டிக்கு அது முன்னாடி வலது. மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஏறி வர்றப்ப ஒவ்வொரு கொண்டை ஊசிலயும் வண்டி திரும்ப திரும்ப நண்பரோட குரல் ஏறி இறங்கறத காதால கேக்கலாம், வளைவு முடியறதுக்குள்ள செட்டுல இருக்கற சிக்னல் மீட்டர் முள் ரெண்டு தடவ போயிட்டு வரும். அவசரம்னா வண்டிய எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தணும்னு இப்ப எனக்கு பழகிருச்சு.

அடுத்தது வண்டி போடற சத்தம். செட்ட ஆன் பண்ணி இஞ்சின் ஓட விட்டு கேளுங்க, அப்புறம் இஞ்சின அணைச்சு கேளுங்க, இரைச்சல் விழுந்துச்சுன்னா திருடன் வண்டிக்குள்ளதான். பெட்ரோல் வண்டின்னா பிளக் வயர், உய்யுன்னு இஞ்சின் வேகத்தோட ஏறுனா ஆல்டர்னேட்டர், இது ரெண்டும் இல்லாம இஞ்சின் அணைச்சும் இரைஞ்சுட்டே இருந்தா நூறு ரூபா மொபைல் சார்ஜர புடுங்கிப் பாருங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு டிரைவர் தம்பி ஆண்டெனாவ மூணு தடவ மாத்தினாரு, கடைசில சார்ஜர கழட்டுனதும் எல்லாம் கேட்டுச்சு. பானெட்டுக்கும் பாடிக்கும் நடுவுல பின்னல் செம்பு வயர் ஒண்ணு போட்டாலும் நல்லா அமுங்கும்.

மலைல இந்த பேண்ட் ஏன்னு கேப்பீங்க. நீளமான அலை முகட்டுல மோதுனா குட்டை அலைய விட நல்லா வளைஞ்சு அந்தப் பக்கம் இறங்கும், நனைஞ்ச சோலைக்காட்டுலயும் அதிகமா கரையாது. 2009 நவம்பர் நிலச்சரிவ பாத்தவங்க நாங்க, 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை கொட்டுனதயும் பாத்தோம், அந்த மாதிரி நேரத்துல அடுத்த பள்ளத்தாக்குல இருக்கறவன் குரல் கேக்குதாங்கறதுதான் கேள்வி.

ஒரு விசயம் கண்டிப்பா சொல்லணும். நம்ம நாட்டுல போலீஸ், வனத்துறை பேச்ச ஒட்டுக் கேக்கறது சட்டப்படி தப்பு, கலிபோர்னியா கதைய பாத்துட்டு இளவட்டங்க ஸ்கேனர் வாங்கி மாட்டிக்க வேண்டாம். ஆசை இருந்தா பரீட்சை எழுதுங்க, 12 வயசு முடிஞ்சாலே ஹாம் லைசென்ஸுக்கு எழுதலாம், மத்திய அரசோட தொலைத்தொடர்புத் துறை தருது.

அப்புறம், நீளமான குச்சி வெச்சவங்க எஸ்டேட் ரோட்டுல நுழையறதுக்கு முன்னாடி வண்டிய நிறுத்தி குச்சிய வளைச்சு கயித்துல கட்டிக்குங்க. சில்வர் ஓக் கிளைல அடிச்சா கம்பிதான் வளையும், தொங்கற கரண்டு வயர்ல பட்டா ஆளு மிஞ்ச மாட்டாங்க. இடி இறங்கற மாதிரி இருந்தா செட்டுலேர்ந்து கேபிள கழட்டிருங்க.

இந்தக் கடிதத்த முழுசா போட இடம் இல்லன்னாலும் பரவால்ல, 7,125ஐ மெகாஹெர்ட்ஸால வகுக்கற அந்த ஒரு வரிய மட்டுமாவது அடுத்த ஞாயிறு அதே பக்கத்துல போட்டுருங்க, தென்மேற்கு மழை ஆரம்பிக்கறதுக்குள்ள.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி