ஈடுபாட்டுக்கு எத்தனை மதிப்பெண்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் தரவரிசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அட்டவணை, படம், வண்ணம் எல்லாம் பிரமாதம். மூன்றாவது பத்தியில் ஒரு வரி: "ஆசிரியர்களிடம் ஈடுபாடு குறைந்துவிட்டதே இந்தச் சரிவுக்கு முக்கியக் காரணம்." அந்த இடத்தில் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். டீ ஆறிப்போனது. ஒருவேளை நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். வரி அப்படியேதான் இருந்தது.

நான் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரம் இல்லாத தற்காலிக ஆசிரியர். 2012-ல் சேர்ந்தேன். முனைவர் பட்டமும், 'செட்' என்ற மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் உண்டு. சேரும்போது மாதம் 10,000 ரூபாய், 2023 முதல் 25,000. அதுவும் வருடத்தில் பதினொரு மாதம்தான். மே மாதத்தில் எங்களுக்குப் பசிக்காது என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019-லேயே எழுதிவிட்டது. அதைக் கேட்டு நாங்கள் சாலையில் உட்கார்ந்து போராடிய அன்று உங்கள் பேப்பரில் நான்காம் பக்கத்தில் செய்தி வந்தது. தலைப்பு: "போக்குவரத்து பாதிப்பு." பேருந்துகள் எவ்வளவு நேரம் நின்றன என்று துல்லியமாகப் போட்டிருந்தீர்கள். எதற்காக உட்கார்ந்தோம் என்பது கடைசி வரியில், அதுவும் பாதி. சரி, அது பழைய கதை.

ஈடுபாடு பற்றித்தானே பேச்சு? எங்கள் கல்லூரிக்கு நாக் குழு வந்த கதையைச் சொல்கிறேன். நாக் என்பது கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட 1994-ல் யுஜிசி தொடங்கியது, பெங்களூரில் இருப்பது, அப்போது ஏழு அளவுகோல் வைத்து நான்குக்கு இத்தனை என்று புள்ளி போட்டது, இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. அதற்குச் சுயமதிப்பீட்டு அறிக்கை என்று ஒன்று தயார் செய்ய வேண்டும். "உங்களுக்கு டைப்பிங் நல்லா வரும்ல மேடம்" என்று முதல்வர் கேட்டார். கேட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான்கு மாதம், வகுப்பு முடிந்த பிறகு இரவு ஏழு மணி வரை கல்லூரியில் இருந்தேன். கடைசி டவுன் பஸ்ஸுக்கு ஓடுவேன். தனி ஊதியம் ஏதும் இல்லை. பாராட்டுக் கடிதம் தருவதாகச் சொன்னார்கள், அதையும் நானே டைப் செய்து கையெழுத்துக்கு வைத்தேன். இன்னும் மேஜையில்தான் இருக்கிறது.

ஐந்து வருடத்து நிகழ்ச்சிகளுக்குப் படம் வேண்டும், எந்த இடத்தில் எடுத்தது என்ற முத்திரை படத்திலேயே இருக்க வேண்டும். மரக்கன்று நட்ட படத்தை ஏற்றினேன். எந்த அட்சரேகையில் நட்டோம் என்பது தெளிவாகத் தெரிந்தது. கன்றை ஆடு தின்று இரண்டு வருடம் ஆகிவிட்டது, அதை எழுதுவதற்குக் கட்டம் இல்லை. மாணவர் திருப்தி என்று ஓர் ஆய்வு, அது மாணவர்களுக்கு இமெயிலில் வரும். பாதிப் பேருக்கு இமெயில் திறந்து கொடுத்ததே நாங்கள்தான். வீட்டில் ஒரே போன், அது அண்ணன் கையில் இருக்கும். வந்த பாஸ்வேர்டை அவனிடம் கேட்டுச் சொல்வதற்குள் அந்தப் பிள்ளை பட்ட பாட்டுக்கு எந்த அளவுகோலில் புள்ளி என்று தெரியவில்லை.

இன்னொரு கட்டம் இருந்தது: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர். எங்கள் துறையில் இடம் ஒன்பது. நிரந்தரம் மூன்று. அந்த "3" என்ற எண்ணை டைப் செய்தது அந்த மூன்று பேரில் சேராத நான்.

குழு வரும் வாரம் கல்லூரி முழுக்க பெயின்ட் வாசனை. குரோட்டன் தொட்டிகள் வாடகைக்கு வந்து இறங்கின. பெண்கள் கழிப்பறைக்குப் புதுக் கதவு வந்தது, அதற்குத் தாழ்ப்பாளும் வந்தது! லேபுக்கு இருபது புது பியூரெட், திரவத்தை அளந்து சொட்டுவிடும் கண்ணாடிக் குழாய். எங்கள் பழைய பியூரெட்களில் ஸ்டாப்காக் என்ற அடிக்குழாய்த் திருகு ஒழுகும், வாஸ்லின் தடவி ஓட்டுவோம். ஒரு பியூரெட்டுக்கு நான்கு பிள்ளைகள். ஒருத்தி சொட்டுச் சொட்டாக விட, இன்னொருத்தி குடுவையைச் சுழற்ற, மற்ற இருவரும் நிறம் மாறுவதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பல்கலைக்கழக செய்முறைத் தேர்வில்தான் பாதிப் பேர் முதன்முதலாகத் தனியாக இந்தச் சோதனையை, டைட்ரேஷனை, செய்வார்கள். புது பியூரெட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். குழு போன மறுநாள் அத்தனையும் அலமாரிக்குள் போய்விட்டன. "ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சு மேடம், உடைஞ்சா யார் கட்டுறது?" என்றார் ஸ்டோர் கீப்பர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள்.

எங்களுக்கு பி பிளஸ் கிடைத்தது. 2025 பிப்ரவரியில் ஆந்திராவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு நல்ல கிரேடு போட லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது. ரொக்கம், தங்கம், செல்போன், லேப்டாப் என்று நீண்ட பட்டியலை உங்கள் பேப்பரில்தான் படித்தேன். நாங்கள் கொடுத்தது முந்திரி பக்கோடாவும் ஆளுக்கொரு சால்வையும். அதற்கு பி பிளஸ் கொஞ்சம் தாராளம்தான்.

அப்புறம் இந்த என்ஐஆர்எஃப், மத்திய அரசின் தேசியத் தரவரிசை. 2016 முதல் வருடா வருடம் பட்டியல் வருகிறது, தகவல் கொடுப்பதோ அந்தந்தக் கல்லூரியே. வெளிமாநில, வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர் என்று அதில் கேட்கிறார்கள். எங்களுக்கு வெளிநாட்டவர் என்றால் பக்கத்துத் தாலுகாவிலிருந்து வருபவர். மற்றவர்கள் மனதில் உங்கள் கல்லூரியைப் பற்றி என்ன மதிப்பு இருக்கிறது என்பதற்கு நூற்றுக்குப் பத்து மதிப்பெண். எங்கள் ஊர் பெயரையே கேள்விப்படாத ஒரு கம்பெனி அதிகாரி மனதில் எங்களைப் பற்றி என்ன இருக்கும்? படிப்பைக் குறித்த காலத்துக்குள் முடித்தவர் எத்தனை பேர் என்பதும் ஒரு கணக்கு. என்னிடம் படித்த ஒரு பெண், அப்பா அம்மா இருவரும் செங்கல் சூளையில். காலை ஐந்தே முக்கால் பஸ். சீசனில் சூளைக்கும் போவாள். இயற்பியல் வேதியியலில் இரண்டு தடவை அரியர் விழுந்து, நான்காவது வருடம்தான் முடித்தாள். இன்றைக்கு ஒரு மருந்துக் கம்பெனி லேபில் வேலை செய்கிறாள். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவளே அவள் ஒருத்திதான். தரவரிசைக் கணக்கில் அவளால் எங்களுக்கு மதிப்பெண் குறைவு.

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4 என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். 2021-22 ஆய்வுக் கணக்கு அது, எனக்கும் பெருமைதான். அந்த 47-ல் இந்தப் பெண்ணும் இருக்கிறாள். சேர்த்ததைச் சொல்லும்போது அவள் சாதனை, தரத்தைச் சொல்லும்போது அவளே சரிவு. இதை உங்கள் கட்டுரையாளர் யோசித்துப் பார்த்திருக்கலாம். அரசுக் கல்லூரி என்றாலே இப்படித்தான் என்பதும் சரியில்லை. 1840-ல் தொடங்கிய சென்னை மாநிலக் கல்லூரி 2022, 2023 இரண்டு ஆண்டும் என்ஐஆர்எஃப் கல்லூரிப் பட்டியலில் நாட்டிலேயே மூன்றாம் இடம். அந்தச் செய்தியை எந்தப் பக்கத்தில் போட்டீர்கள் என்று எனக்கு நினைவில்லை, தங்களுக்கு இருக்கும்.

மேலே இருப்பவர்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 2023-ல் நாக் கொடுத்தது ஏ பிளஸ் பிளஸ், அதற்கு மேல் கிரேடே கிடையாது. அதே ஆண்டு ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. ஆளுநரும் அரசும் மல்லுக்கட்டியதில் அடுத்தவர் வரவே இல்லை, நாற்காலி வருடக்கணக்கில் காலியாகக் கிடந்தது. துணைவேந்தர் இல்லாமலே பல்கலைக்கழகம் நடக்கும் என்றால், ஆறு ஆசிரியர் இல்லாமல் எங்கள் துறை நடப்பதில் என்ன குறை என்று கேட்பார்கள் போல.

ஆசிரியர் தேர்வு வாரியம் 2019-ல் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பம் கேட்டது. போட்டேன். நடக்கவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடம் என்று புது அறிவிப்பு வந்தது. மறுபடி போட்டேன். ஆகஸ்டில் தேர்வு என்றார்கள், தள்ளிப்போனது. முதல் விண்ணப்பம் போட்டபோது மகள் மூன்றாம் வகுப்பு. இரண்டாவதில் அவளே ஆன்லைனில் பூர்த்தி செய்து கொடுத்தாள், "அம்மா, அனுபவம் எத்தனை வருஷம்னு கேக்குது" என்று கேட்டுக் கேட்டு.

எழுத உட்கார்ந்தால் எங்கெங்கோ போய்விடுகிறது, மன்னிக்கவும். நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வருத்தம் தெரிவிக்கச் சொல்லவில்லை, கட்டுரையாளரைக் கண்டிக்கவும் சொல்லவில்லை. அவரும் மாதச் சம்பளக்காரராகத்தான் இருப்பார். அடுத்த முறை தரவரிசை அட்டவணை போடும்போது கல்லூரிப் பெயருக்குப் பக்கத்தில் இரண்டே இரண்டு கட்டம் சேருங்கள்: அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம், அதில் நிரப்பப்பட்டது. விளம்பரத்தில் ஓரிரு சென்டிமீட்டர் குறைந்தால் இடம் கிடைத்துவிடும். இடம் கிடைக்காவிட்டால் "ஈடுபாடு" என்ற சொல்லையாவது எடுத்துவிடுங்கள்.

கடிதம் நீளம் என்றால் சுருக்கிக்கொள்ளலாம், பியூரெட் பத்தியை மட்டும் வெட்ட வேண்டாம். என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். ஜூனில் பணி நீட்டிப்பு ஆணை வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்