மருமகனுக்கு: அந்தப் படத்தை மாட்டுவதற்கு முன்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய படத்தை நான்கு நாட்களாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். 2022 ஏப்ரல் வெள்ளம் வடிந்த மறுநாள், டர்பனை ஒட்டிய இனாண்டாவில் வீடு இருந்த இடத்தில் செம்மண் சரிவு மட்டுமே மிஞ்சியிருக்க, ஒரு பெண் கையில் ஒற்றைப் பள்ளிக்கூடச் சப்பாத்தோடு நிற்கிறாள். நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்த மழையைப் பற்றி எவ்வளவோ படித்துவிட்டேன்; ஆனாலும் அந்தச் சப்பாத்தின் அவிழாத முடிச்சுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கலைக்கூடம் ஒன்று அதை ஆளுயரத்தில் மாட்டக் கேட்கிறது, கொடுக்கலாமா என்று எழுதியிருந்தாய். ஆங்கிலத்தில் வந்த கேள்விக்குத் தமிழில் பதில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீ ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் இதை நீயே வாசித்துவிடுவாய், இல்லையென்றால் உன் அம்மா வாசித்துச் சொல்லட்டும். கேமராவோடு அலையும் நம் பிள்ளைகள் வேறு சிலருக்கும் இதே குழப்பம் இருப்பதால் எல்லோரும் பார்க்கும்படியே எழுதுகிறேன்.

நீ அந்தப் படத்தை எடுத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இந்தத் தென்னாப்பிரிக்க நாட்டில் வளர்ந்த எவனும் அப்படிச் சொல்ல முடியாது. 1976 ஜூன் 16 அன்று, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பின மக்களின் குடியிருப்பான சொவேட்டோவின் ஓர்லாண்டோ வெஸ்டில், ஆப்பிரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன பிள்ளைகள் மீது போலீஸ் சுட்டபோது, ‘த வேர்ல்ட்’ பத்திரிகையின் புகைப்படக்காரர் சாம் நசீமா யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. குண்டடிபட்டு உயிர்விட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனை ம்புயீசா மகூபோ என்ற பையன் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், அக்காள் அன்டோனெட் பக்கத்தில் கை விரித்துக் கதறிக்கொண்டே ஓடுகிறாள். நசீமா எடுத்த அந்தப் படச்சுருளைப் போலீஸ் பறித்துவிடாதபடி காலுறைக்குள் ஒளித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தப் படம் வெளிவராமல் போயிருந்தால், கலகக்காரர்களை அடக்கினோம் என்ற அரசின் சொல்லே உலகத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

ஆனால் படத்தின் கதை அங்கே முடியவில்லை. நீ யோசிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான். போலீஸின் தொல்லை தாங்காமல் நசீமா ஜோகன்னஸ்பர்க்கை விட்டு லில்லிடேல் என்ற தன் ஊருக்கே திரும்பிப்போய்க் கடை வைத்துப் பிழைத்தார். உலகத்தின் சுவர்களிலும் சட்டைகளிலும் அச்சான அந்தப் படத்தின் உரிமை அவர் கைக்கு வர இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. ம்புயீசா நாட்டை விட்டுத் தப்பி ஓடினான். 1978இல் நைஜீரியாவிலிருந்து வந்த கடிதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி அவன் தாய்க்கு எந்தச் செய்தியும் வரவில்லை. 2004இல் அந்தத் தாய் கண்ணை மூடும்வரை மகன் இருக்கிறானா இல்லையா என்பது தெரியாமலே போயிற்று. ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது அந்தப் பிள்ளையின் இயல்பு. படத்தில் விழுந்ததால்தான் போலீஸ் தேடும் ஆளானான். 2002இல் அங்கே அருங்காட்சியகம் திறந்த பிறகு, அன்டோனெட் அதில் வழிகாட்டியாக வேலை பார்த்துத் தம்பியின் கதையை வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தார். அது தண்டனையா ஆறுதலா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பீட்டர்சன் என்பது அந்தக் குடும்பத்தின் உண்மையான பெயர் அல்ல. அவர்கள் பிட்சோ குடும்பத்தார். நிறவெறிச் சட்டத்தில் ‘கலர்ட்’ என்ற கலப்பினப் பிரிவுக்குள் நுழைந்தால் சற்று மூச்சுவிடலாம் என்பதற்காக மாற்றிக்கொண்ட பெயர்தான் நினைவுக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. முனுசாமி மூன்சாமியான ஊரில் இருந்துகொண்டு நாம் இதைக் கேட்டு வியக்க வேண்டியதில்லை.

இனி, நீ உன் கடிதத்திலேயே குறிப்பிட்ட புகைப்படக்காரர் கெவின் கார்ட்டர். அவரும் நம் நாட்டுக்காரர்தான். 1993 மார்ச்சில் தென் சூடானின் அயோடில், பசியால் மண்ணில் சுருண்டு கிடந்த குழந்தையையும் அதன் பின்னால் காத்திருந்த பிணந்தின்னிக் கழுகையும் ஒரே சட்டத்துக்குள் எடுத்தார். ‘நியூயார்க் டைம்ஸ்’ அதை மார்ச் 26 அன்று வெளியிட்டதும் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. கழுகை விரட்டிய பிறகு பிள்ளை மறுபடி நடக்கத் தொடங்கியதாகவும், உணவு மையத்தை அடைந்ததா என்பது தெரியாது என்றும் சில நாட்களில் பத்திரிகை விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு வந்தது; அதே மாதம் அவருடைய நண்பர் கென் ஊஸ்டர்புரூக் தொகோசாவில் சுடப்பட்டு இறந்தார்; ஜூலையில் முப்பத்துமூன்று வயதில் கார்ட்டர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். குற்ற உணர்வே அவரைக் கொன்றது என்று பலரும் சுருக்கிச் சொல்வதை நான் ஏற்கவில்லை. கடன், போதை, நண்பனின் சாவு, ஆண்டுக்கணக்காகக் கண்ட கொலைகள் என்று அந்த மனிதரின் தலைக்குள் இருந்தது ஒரு கழுகு மட்டுமல்ல. அவரே இன்னொரு கழுகு என்று எழுதியவர்கள் சூடானுக்கு ஒரு பிடி சோளம் அனுப்பினார்களா என்றும் கேட்கத் தோன்றுகிறது.

என்னை உறுத்துவது வேறு. அந்தப் பிள்ளையை உலகம் பல ஆண்டுகள் பெண் குழந்தை என்றே சொல்லிவந்தது. 2011இல் ஸ்பெயினின் ‘எல் முண்டோ’ நாளிதழ் செய்தியாளர் ஒருவர் அயோடுக்கே போய் விசாரித்த பிறகுதான், அது கொங் நியோங் என்ற ஆண் பிள்ளை என்றும், அன்று பிழைத்து வளர்ந்தவன் சில ஆண்டுகளுக்கு முன்புதான் காய்ச்சலில் இறந்தான் என்றும் தந்தை சொல்லக் கேட்டு எழுதினார். ஐ.நா. உணவு மையத்தில் பதிவு செய்யப்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டும் பிளாஸ்டிக் வளையம் ஒன்று படத்திலேயே அவன் கையில் தெரிகிறது! கவனித்துக்கொண்டிருந்த ஆட்கள் அருகிலேயே இருந்தார்கள் என்பதற்கான அடையாளம் பதினெட்டு ஆண்டுகளாக எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தும், பார்த்தவர்கள் கழுகைத்தான் பார்த்தார்கள்.

இதெல்லாம் நமக்குத் தொலைவான செய்தி என்று நினைக்காதே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில், வில்லபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமான நம் சனங்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். படம் முடிந்ததும் அவர்களுக்கு உணவுகூடத் தராமல் அனுப்பிவிட்டார் என்று அன்றே குற்றம் சாட்டினார்கள். பத்து ஆண்டுகள்கூடக் கழியவில்லை, பர்மாவின் மாண்டலேயில் மரண தண்டனைக் கைதிகள் சுடப்படும் நொடியைப் படம்பிடிக்க அவர் ஏற்பாடு செய்தது லண்டன் வரை அவதூறாகி, விசாரணையில் கண்டிக்கப்பட்டார். அந்தப் பஞ்சப் படங்களை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, நடுவில் குந்தியிருந்த கிழவியின் தாடை உன் கொள்ளுப்பாட்டியின் தாடையாகவே பட்டது. அது வெறும் பிரமையாக இருக்கலாம். நம் வீட்டு முதல் ஆள் டர்பனில் இறங்கியது பஞ்சத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் என்று ஆயா சொல்வார்கள்.

1860க்கும் 1911க்கும் இடையில் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, வயது, உயரம், தழும்பு எல்லாம் அதில் உண்டு; முகம் மட்டும் இல்லை. ஹூப்பரின் படங்களில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு எத்தனையோ இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. அந்தக் கிழவியிடம் ஒருவர், ஒரே ஒருவர், உன் பேர் என்ன ஆத்தா என்று கேட்டு ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தால் போதுமே என்று தோன்றும்.

ஆகவே நான் உன்னிடம் கேட்பது இதுதான். படம் எடுக்கும் நொடியில் கேட்க நேரமில்லை, நசீமாவுக்கும் இருக்கவில்லை. சட்டம் போட்டு, விளக்குப் பொருத்தி, விலைச்சீட்டு ஒட்டிச் சுவரில் மாட்டும்போது அந்த அவசரம் எங்கே இருக்கிறது? அவள் பெயர் உனக்குத் தெரியுமா? அந்தச் சப்பாத்துக்குரிய பிள்ளை கிடைத்ததா? தன் வாழ்வின் மிகக் கொடிய காலையை அறிமுகமில்லாதவர்கள் கையில் திராட்சை ரசக் கோப்பையோடு பார்ப்பதற்கு அவள் சம்மதிப்பாளா? அவள் வேண்டாம் என்றால் கலைக்கூடத்துக்கு நீயும் வேண்டாம் என்று சொல். தாராளமாக மாட்டுங்கள், என் பிள்ளையின் பெயரையும் எழுதுங்கள் என்றால் எழுது, விற்கும் பணத்தில் அவளுக்கு என்ன என்பதையும் முன்கூட்டியே பேசு.

கண்டுபிடிப்பது கடினம் என்று சொல்லாதே. நீ நின்ற மேடு உனக்குத் தெரியும், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். உன் சூலு மொழி அரைகுறை, என்னுடையது கரும்பு ஆலையில் முப்பது ஆண்டு பேசிப் பழகியது. வரும் சனிக்கிழமை வகுப்பு இல்லை. படத்தை நல்ல தாளில் ஒரு பிரதி எடுத்து உறையில் போட்டுக்கொள். காலை ஏழு மணிக்கு வண்டியோடு உன் வாசலில் இருப்பேன். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

அன்புடன்,
மாமா
சாட்ஸ்வொர்த்