இரண்டாம் தவணை எங்கே, ஐயா?

ஆராய்ச்சி நிதி தரும் அலுவலக அதிகாரிகளுக்கு,

வணக்கம். திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்ததே நீங்கள்தான், அதனால் விளக்கத் தேவையில்லை. வாழைப்பழத்தில் உள்ள லெக்டின் (சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம்) டெங்கு வைரஸைத் தடுக்குமா என்று பார்க்கிறோம். முதல் தவணை வந்தது, செலவானது, பயன்பாட்டுச் சான்றிதழும் அனுப்பியாகிவிட்டது. இரண்டாம் தவணையைக் கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்கிறீர்கள்.

பழம் பிரச்சினையே இல்லை, கோயம்பேட்டில் கைக்காசு போட்டு வாங்கிவிடுகிறேன். பிரச்சினை திரவ நைட்ரஜன். சோதனைக்கான வீரோ செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரக செல்கள்) மைனஸ் 196 டிகிரியில் அதில்தான் வைத்திருக்கிறோம். மூடியே வைத்தாலும் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், விடாமல் ஊற்ற வேண்டும். பழைய பில் பாக்கி இருப்பதால் சப்ளை செய்பவர் இனி கடன் கிடையாது என்கிறார், அவர்மேல் தப்பில்லை. பக்கத்து லேப்களில் கேனைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்கிறேன், அவர்களும் எத்தனை முறைதான் கொடுப்பார்கள்? மட்டம் பார்க்கக் குச்சியை விடும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. தொட்டி வற்றினால் செல்கள் செத்துவிடும், அப்புறம் பணம் வந்து யாருக்கு என்ன?

இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பழத்தைத் தின்னச் சொல்லவில்லை, அதிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்துச் சோதிக்கிறோம். எச்ஐவியின் மேலுறையில் உள்ள மேனோஸ் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு அதைச் செல்லுக்குள் நுழையவிடாமல் இந்தப் புரதம் தடுப்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2010இலேயே ஆய்வகத்தில் காட்டினார்கள். ஆனால் இந்தப் புரதம் நம் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களையும் தேவையில்லாமல் கிளறிவிடும். புரதச் சங்கிலியின் 84ஆவது இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் திரியோனினை வைத்து அந்தத் தொல்லையைக் குறைத்த வடிவம் 2015இல் வெளியானது. அங்கே ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிப் பார்க்கிறார்கள், இங்கே நான் கேனைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

மழை வந்தால் டெங்கு ஒழிப்பு பேனரும் கொசுப்புகையும் தவறாமல் வருகின்றன, எங்கள் தவணைக்கு மட்டும் வழி தெரியவில்லை. ஆராய்ச்சிக் கருவிகளுக்கு 5 சதவீதம் மட்டுமே ஜிஎஸ்டி என்றிருந்த சலுகையும் 2022 ஜூலையில் போனது. மேடையில் மட்டும் சுயசார்பு! சரி, வரி உங்கள் கையில் இல்லை.

தவணை உங்கள் கையில் இருக்கிறது. தயவுசெய்து அதை விடுவியுங்கள். ஏதாவது தாள் குறைகிறது என்றால் எது என்று எழுதிச் சொல்லுங்கள், அன்றைக்கே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஆராய்ச்சி மாணவி, சென்னை