வட்டமிட்ட பிழையை விளக்கியும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய செவிலியர் கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் ஆய்வு வழிகாட்டிகளுக்கும் வணக்கம்.

நாங்குநேரி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் 27 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். தங்களிடம் இறுதியாண்டு பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் என் தங்கை மகளின் ஆய்வறிக்கை மூன்றாம் முறையாகத் திருப்பித் தரப்பட்டிருக்கிறது. மேலே ‘கிராமர் சரியில்லை, திரும்ப எழுதவும்’ என்று ஒரே வரி. உள்ளே 42 பக்கங்களிலும் சிவப்பு மை வட்டங்கள். எதனருகிலும் ஒரு சொல் விளக்கம் இல்லை.

இரவுப் பணி முடித்து வந்த பிள்ளை, சீருடையைக்கூட மாற்றாமல் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “பெரியம்மா, இதுல எது தப்புன்னே தெரியல” என்றாள். ‘வைட்டல் சைன்ஸ் வாஸ் செக்ட்’ (நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் முதலியவை பார்க்கப்பட்டன) என்ற வரியில் ‘வாஸ்’ வட்டமிடப்பட்டிருந்தது. காலம்தான் தவறு போலும் என்று எண்ணி அவள் ‘இஸ்’ என மாற்றியிருந்தாள்; அடுத்த முறை அதற்கும் ஒரு வட்டம். ‘நாலு பஸ் வந்தது’ என்று பேசி வளர்ந்தவளுக்கு, பன்மைக்கு ‘வேர்’ வர வேண்டும் என்பது சொல்லாமல் எப்படித் தோன்றும்? ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று நினைப்பவள் ‘டிஸ்கஸ்டு அபவுட்’ என்றுதான் எழுதுவாள்; அங்கே ‘அபவுட்’ வேண்டாம் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்?

பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. ‘கிவன்’ என்பதற்கும் ‘டு பி கிவன்’ என்பதற்கும் இடையே இரண்டே சிறு சொற்கள். ஊசி போட்டாயிற்றா, இனிமேல்தான் போட வேண்டுமா என்பதை அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் அவற்றைக் கொண்டே அறிவார். அதனால்தான் விளக்கிச் சொல்லுங்கள் என்கிறேன்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்தில் ஆங்கிலம் முதல் பருவத்தின் 40 மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது. ஆராய்ச்சிப் பாடமோ ஏழாம் பருவத்தில் வருகிறது. இடைப்பட்ட ஐந்து பருவங்களில் வாக்கியம் அமைக்கப் பழக்காமல், கடைசியில் மாணவியைக் கடிந்துகொள்வது என்ன நியாயம்? அவளுடைய தோழியர் சிலர் பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து, வேறு யாரிடமோ எழுதி வாங்கத் தொடங்கிவிட்டனர். அதில் ஒருத்தி கொடுத்தது, முக்கூடலில் அவள் தாய் பீடி சுற்றிச் சேர்த்த பணம்.

ஆகவே, அறிக்கை திருத்தும் மாதங்களிலாவது வாரம் ஒரு மணி நேரம், மாணவியரின் சொந்த வரிகளைக் கொண்டே ஆங்கில ஆசிரியர் ஒருவர் பிழைகளை விளக்க ஏற்பாடு செய்யுமாறும், வட்டமிடும் வழிகாட்டிகள் அதன் காரணத்தையும் அருகில் குறிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். ஆசிரியர் அமையவில்லை என்றால், ஊதியம் ஏதுமின்றி நானே சனிக்கிழமைதோறும் வந்து நடத்தித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
நாங்குநேரி.