பட்டப்பெயர் விவகாரம்

டேய் தவளை,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம். நீ அனுப்பிய கருவாட்டுக்கு நன்றி சொல்ல எனக்கு எட்டு மாதம் பிடித்திருக்கிறது. திட்டுவதை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு: போன வாரம் வகுப்பில் ஒரு பெண் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுவிட்டாள்.

நியூரோபெப்டைடு பாடம்; நரம்பு செல்கள் செய்தி சொல்ல அனுப்பும், அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிச் சங்கிலிகள். அதில் புராக்டோலின் என்ற ஒன்றின் கதையை வழக்கம்போல் அளந்துகொண்டிருந்தேன். 125,000 கரப்பான்பூச்சிகளை அரைத்து, கடைசியில் கையில் கிடைத்தது 180 மைக்ரோகிராம். 1975-இல் அதன் வேதி அமைப்பு வெளிவந்தது, வெறும் ஐந்து அமினோ அமிலம். பின்குடலைச் சுருக்குவதால் அந்தப் பெயர். நண்டிலும் இருக்கிறது, அங்கே இதயத் துடிப்பைக் கூட்டுகிறது என்றேன். உடனே அவள், "சார், நண்டுல குடலுக்குப் போகாம ஏன் இதயத்துக்குப் போச்சு?" என்றாள். ஏதோ சொல்லி மழுப்பினேன். வீட்டுக்கு வந்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. முதலாம் ஆண்டு ஆய்வகத்தில் நடந்த ஒரே ஒரு சம்பவத்துக்காக முப்பது வருடமாக நீ தவளை. பெப்டைடுக்கும் அதே கதிதான்! முதலில் எந்த விலங்கில் எந்த வேலை செய்து மாட்டியதோ, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நானோ அந்தப் பெயரையே அதன் வேலை என்று இத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன்.

வடகடல் இறாலில் சிவப்பு நிறமியைச் சுருக்கும் ஹார்மோனை 1972-இல் கண்டுபிடித்தார்கள், எட்டு அமினோ அமிலம். நான்கு வருடம் கழித்து வெட்டுக்கிளியில், பறப்பதற்குக் கொழுப்பை இரத்தத்துக்கு இறக்கும் ஹார்மோன் கிடைத்தது. பத்து அமினோ அமிலம், முதல் நான்கும் அச்சு அசல் அதே. இறாலுக்கு வெட்டுக்கிளியின் சாறு ஏற்றினால் நிறம் மாறும், வெட்டுக்கிளிக்கு இறாலுடையதைப் போட்டால் கொழுப்பு ஏறும். நண்டின் இதயத்தைத் தூண்டுவதாகக் கிடைத்த இன்னொன்று, ஓர் எழுத்துகூட மாறாமல் பூச்சிகளில் இருக்கிறது, அங்கே தோல் உரிக்கும்போது உடம்பை அசைத்துச் சட்டையைக் கழற்ற உதவுகிறது. பூச்சியின் பெப்டைடுக்குப் பெயரில் 'கிரஸ்டேசியன்', அதாவது நண்டு, இறால் இனம் என்று இருக்கிறது, கேட்க ஆளில்லை.

எனக்கு மிகப் பிடித்தது நிறமி பரப்பும் ஹார்மோன். பிச்சாவரம் சேற்றில் ஒற்றைக் கொடுக்கைப் பெரிதாகத் தூக்கிக்கொண்டு திரியுமே, அந்த நண்டின் அமெரிக்க உறவுக்காரனிடம் எடுத்தது. அதை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆண்டிபாடியைத் தயாரித்துப் பழ ஈயின் மூளையில் விட்டுப் பார்த்தால், பகல் இரவுக் கணக்கு வைக்கும் கடிகார நியூரான்கள் பளிச்சென்று தெரிகின்றன. 18 அமினோ அமிலத்தில் 15 அப்படியே பொருந்துகின்றன. ஈக்கு அங்கே நிறமி எதற்கு? அந்த மரபணு கெட்ட ஈக்கள் தொடர் இருட்டில் சில நாளிலேயே நேரம் தவறிவிடுகின்றன.

பூச்சிகளே கிரஸ்டேசியன்களுக்குள் இருந்து கிளைத்தவைதான் என்றால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லைதான். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் உன் தொழிலுக்கு வருகிறேன். நீ இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் தாய் இறாலின் ஒரு கண் காம்பைக் கிள்ளுகிறாயே, முட்டை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் அதில்தான் இருக்கிறது. அதன் குடும்பத்துப் பெப்டைடு ஒன்று வெட்டுக்கிளியின் பின்குடலில் உப்பையும் தண்ணீரையும் திரும்ப உறிஞ்ச வைக்கிறது. நீ ஒரு பிரேக்கை எடுப்பதாக நினைத்துக்கொண்டு, சர்க்கரை, தோலுரிப்பு என்று மற்றவற்றைக் கட்டுப்படுத்தும் பக்கத்து ஒயரையும் சேர்த்தே அறுக்கிறாய். கேலிக்குச் சொல்லவில்லை. கரும்புலி இறாலில், அந்தத் தடுக்கும் ஹார்மோனின் மரபணுவை வாயடைக்கும் இரட்டை இழை ஆர்என்ஏவை ஊசியாகப் போட்டு, கண்ணைத் தொடாமலேயே சினைப்பையை முதிர வைத்துப் பார்த்திருக்கிறார்கள். செலவு உன் முதலாளிக்குக் கட்டாது என்பாய், தெரியும். உனக்கும் அந்தக் கத்தரி வேலை பிடிக்காது என்று நீயே ஒருமுறை சொன்னாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சரி, எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். அடுத்த முறை கிள்ளும்போது காம்புகளைக் குப்பையில் போடாதே. சிவப்பு நிறமியைச் சுருக்கும் அந்த ஹார்மோனும் அதில்தான் இருக்கிறது. இருபது முப்பது எடுத்து, ஐஸில் நன்றாகப் பொதிந்து பஸ்ஸில் ஏற்றிவிடு. அரைத்துச் சாறெடுத்து, நன்னீர் இறாலுக்கு ஊசி போட்டு, சிவப்புப் புள்ளிகள் சுருங்குவதை அந்தப் பெண்ணுக்கு மைக்ரோஸ்கோப்பில் காட்டப் போகிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் போன் செய். கருவாடும் இருந்தால் தனி மூட்டையாகக் கட்டு, போன தடவை மாதிரி ஒன்றாகப் போடாதே.

உன்,
வாத்தி