வண்டித் தொடர் நடைக்கு நம் குடும்பங்களும் வரட்டும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிசௌரியிலிருந்து நம் ஓரிகனுக்குக் குடியேறிகள் வந்த வழியே ஓரிகன் பாதை. அதில் அவர்கள் பயணம் செய்த விதத்தை நடத்திக் காட்டும் வண்டித் தொடர் நடை, ஜூலை மாதம் இரண்டாவது சனி, ஞாயிறுகளில் மவுண்ட் ஹூட் மலைக்கு மேற்கே, அந்தப் பாதையின் கடைசிக் கட்டமான பழைய பார்லோ பாதையை ஒட்டி நடக்கிறது. ஏற்பாட்டாளர்கள் நம் தமிழ்ப் பள்ளியிடமும் தன்னார்வலர்கள் கேட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். வேடிக்கை பார்க்க மட்டும் போகாமல், குடும்பமாக அங்கே ஒரு வேலையை எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

பிள்ளைகள் இதைப் பாடமாகப் படித்திருப்பார்கள். மிசௌரியிலிருந்து இங்கே வர ஏறத்தாழ 2,000 மைல், ஐந்து ஆறு மாதம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வண்டியில் உட்கார்ந்து வரவில்லை, நடந்தே வந்தார்கள் என்பதைச் சொன்னால் பல பிள்ளைகள் நம்புவதில்லை. நான்கடி அகலமும் பத்தடி நீளமும் கொண்ட அந்தக் கூண்டு வண்டி மாவும் பன்றிக்கொழுப்பும் காப்பிக்கொட்டையும் ஏற்றவே சரியாக இருந்தது. குதிரையைவிட எருதுகளையே அதிகம் பூட்டினார்கள். விலை குறைவு, வழியில் கிடைத்த புல்லைத் தின்றே இழுக்கும். வண்டியோட்டி எருதின் இடப்பக்கம் நடந்தபடி குரல் கொடுத்தே திருப்புவார். 1846இல் பார்லோ பாதை திறக்கும்வரை, கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள டேலஸ் என்ற இடம் வந்து சேர்ந்தவர்கள் அந்த ஆற்றில் தெப்பம் கட்டித்தான் இறங்கினார்கள். புதுப் பாதைக்கு வண்டிக்கு 5 டாலர் சுங்கம். அதைக் கட்டிய பிறகும் லாரல் ஹில் சரிவில் மரத்தில் கயிறு சுற்றி வண்டியை மெல்ல மெல்ல இறக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்துச் சரிவைக் காலால் நடந்து பார்த்தால்தான் இது புரியும்.

ஊரிலிருந்து கோடைக்கு வந்திருக்கும் தாத்தா பாட்டிகளை அவசியம் அழைத்து வாருங்கள். நுகத்தடி, அச்சாணி, சக்கரத்துக்கு இடும் மை எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மரமே இல்லாத சமவெளியில் குடியேறிகளின் பிள்ளைகள் காய்ந்த காட்டெருமைச் சாணம் பொறுக்கி அடுப்பெரித்தார்கள் என்று சொன்னால், வரட்டி தட்டிய பாட்டிக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. காலையில் வண்டியில் பால் வாளியைத் தொங்கவிட்டால் மாலைக்குள் குலுங்கிக் குலுங்கி வெண்ணெய் திரண்டுவிடுமாம். சிறு பிள்ளைகள் பாட்டிலைக் குலுக்கி வெண்ணெய் எடுக்கும் கூடாரத்தை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அதைப் பாட்டிகளே நடத்தட்டும். வண்டியோடு நடப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கால உடை. கூடாரத்தில் இருப்பவர்கள் புடவையிலேயே வரலாம்.

ஒரு விஷயத்தை நான் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பாதை ஆளில்லாத நிலத்தின் வழியே போகவில்லை. கேயூஸ், உமடில்லா, வல்லா வல்லா என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தைக் கடந்து, கலப்புயா மக்கள் வாழ்ந்த வில்லமெட் பள்ளத்தாக்கில் வந்து முடிந்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளைக் குடியேறிகளில் மணமான தம்பதிக்கு 640 ஏக்கர் நிலம் வரை இலவசமாகக் கொடுத்தது. அந்த நிலத்துக்கு உரியவர்களோடு அதற்கு முன் ஒப்பந்தம் எதுவும் முடிந்திருக்கவில்லை. கறுப்பின மக்கள் இங்கே குடியேறக் கூடாது என்று 1844லேயே ஒரு சட்டம் போட்டார்கள். நாமும் பின்னால் வந்து குடியேறியவர்கள்தான். பிள்ளை "முன்னாடி இங்க யார் இருந்தாங்க?" என்று கேட்டால் பேச்சை மாற்றாமல் பதில் சொல்லுங்கள். இதைப் பற்றிய இரண்டு பலகைகளை நம் மேல்வகுப்பு மாணவர்கள் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுகிறார்கள். அவற்றை முகாமின் நுழைவாயிலில் வைக்க ஏற்பாட்டாளர்கள் சம்மதித்துவிட்டார்கள்.

வேலை என்று பார்த்தால், தண்ணீர் நிலையம், கார் நிறுத்துமிடம், சமையல் கூடாரம், வண்டிக்குப் பின்னால் கடைசியாக நடந்து யாரும் பின்தங்காமல் பார்ப்பது. முதலுதவிப் பயிற்சி பெற்ற பெற்றோர் இருவராவது தேவை. பெரியவர்கள் எல்லோரும் பின்னணிச் சோதனைப் படிவம் நிரப்ப வேண்டும். நம் பள்ளிக்குப் பழகிய நடைமுறைதான், அலுத்துக்கொள்ள வேண்டாம்.

பாதுகாப்பில் மட்டும் தளர்வு கிடையாது. அந்தக் காலத்தில் ஓடும் வண்டியில் ஏறி இறங்கிச் சக்கரத்தில் சிக்கிய குழந்தைகள் நிறையப் பேர். ஆகவே வண்டி நகரும்போது எந்தப் பிள்ளையும் அதில் ஏறக் கூடாது. பெரியவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு சக்கரத்திலிருந்து விலகியே நடக்க வேண்டும். குதிரையின் பின்பக்கம் போகவே கூடாது. மூடிய காலணி, தொப்பி, தண்ணீர் பாட்டில் கட்டாயம். நீளப் பாவாடை கட்டிய பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடாதீர்கள். வைக்கோல், விலங்கு ரோமம் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள்.

பெயர்ப் பட்டியல் வகுப்பாசிரியரிடம் இருக்கிறது. ஜூன் கடைசி ஞாயிறு வகுப்பு முடிவதற்குள் எந்த நாள், எந்த வேலை, எத்தனை பேர் என்று எழுதிக் கொடுங்கள். ஒரு நாள்தான் முடியும் என்றாலும் சரி, அரை நாள் என்றாலும் சரி.

அன்புடன்,
தலைமையாசிரியர்