குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மழைநீர் வடிகால் தூர் வாரியாயிற்று. தெருக்கோடி விளக்கு எரிகிறது. சந்தா பாக்கி பழையபடிதான், அதைப் பொருளாளர் சொல்வார். நான் கோலத்துக்கு வருகிறேன்.

வருடா வருடம் மார்கழியில் கோலப்போட்டி வைப்போம். ஒரு மணி நேரம், விசில், மூன்று பரிசு. அப்புறம் பொங்கல் வரை மனஸ்தாபம். இந்த முறை போட்டியை விட்டுவிட்டு, ஞாயிறு காலையில் சங்க வாசலில் நிதானமாக, புள்ளிகளைச் சுற்றி இழை பின்னும் சிக்குக் கோலம் போடுவது என்று குழு முடிவு செய்தது. பரிசு இல்லாமல் யார் வருவார்கள் என்று கேட்டவன் நான்தான். மார்கழி முடிந்தும் வருகிறார்கள்.

முதல் வாரம் புள்ளி வைக்கும் வேலையைக் கேட்டு வாங்கினேன். 6 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி என்றார்கள். பார்க்கச் சதுரமாக இருக்கட்டுமே என்று 6 வைத்துவிட்டேன். ஒரே இழையில் முடிய வேண்டிய கோடு, பாதிப் புள்ளிகூடச் சுற்றாமல் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது. கடைசியில் ஆறு தனித்தனி இழைகள். நாங்கள் போடும் பின்னலில் வரிசை எண்ணிக்கைக்கும் வரிசைக்கான புள்ளி எண்ணிக்கைக்கும் 1 தவிரப் பொதுக் காரணி இருந்தால் ஒற்றை இழை வராது என்றார் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-லேயே கோலத்தின் இலக்கணம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியதையும் சொன்னார். நம் மூத்த உறுப்பினர் பாட்டி, “ஆறுக்கு அஞ்சு வைடா, அவ்வளவுதான்” என்று முடித்துவிட்டார்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு இழையாக இறங்க வேண்டும். கை தயங்கினால் அதே இடத்தில் குவியும். விரைந்தால் கோடு விட்டுவிட்டு விழும். வீட்டுக் கவலையோடு வந்தவர் யாரென்று கோட்டைப் பார்த்தே சொல்லலாம். கால் மணி நேரம் போனால் அந்தக் கோடு சீராகிவிடும். இரவுப் பணி முடிந்து பைக்கோடு வரும் தம்பி, நாலு சுழி போட்டால்தான் தூக்கம் வருகிறது என்கிறார். இன்னொருவர் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். அதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்று சங்கத்தின் சார்பில் பதிவு செய்கிறேன்.

கல்மாவா, அரிசிமாவா என்பது மட்டும் தீரவில்லை. கல்மாவு விரலில் வழுக்கி இறங்கும். அரிசிமாவு எறும்புக்கும் ஆகும். இன்று வாக்கெடுப்புக்கு விடுகிறேன். அதுவரை இரண்டு டப்பாவும் சங்க அலமாரியில் இருக்கும், சாவி காவலாளியிடம்.

இப்படிக்கு,
செயலாளர்